ஐலோ பாஸ்வேர்ட் யாருக்கும் தெரியாது

“தம்பி, பொட்டி மறுக்கா நின்னுபோச்சுங்க.”

வாட்ச்மேன் தாத்தாவின் இந்த ஒரு வரிக்காக மட்டும் போன மழைக்காலத்தில் நான்கு முறை ஈரோட்டிலிருந்து திருப்பூருக்கு பைக் ஓட்டியிருக்கிறேன். போக 50 கிலோமீட்டர், வர 50. அங்கே போய்ச் செய்கிற வேலை, ஒரு பட்டனை அமுக்குவது. அமுக்கிவிட்டு, தாத்தா போட்டுத் தரும் டீயைக் குடித்துவிட்டுத் திரும்பி வருவது.

அது ஒரு பனியன் கம்பெனி. கட்டிங் டேபிள்களுக்கு அந்தப் பக்கம் கண்ணாடித் தடுப்பு போட்டு, ஏசி மாட்டிய சின்ன அறை. அதற்குள் ஒரு ரேக். ரேக்கில் இரண்டு ஹெச்பி சர்வர்கள், இரண்டுமே டிஎல்380பி ஜென்8. மேலே இருப்பதில் உபுண்டு லினக்ஸ் ஓடுகிறது. ஆர்டர், ஸ்டாக், சம்பளம் எல்லாம் அதில்தான். கீழே இருப்பது பேக்கப்புக்கு என்று வாங்கியது. டிஸ்க் போய் ஒரு வருஷமாகச் சும்மா கிடக்கிறது. இரண்டும் வயசான மெஷின்கள். மாற்றிவிடலாம் என்று சொல்லிப் பார்த்தேன். ஓடுகிற மெஷினை எதுக்குங்க மாத்தணும் என்று முதலாளி கேட்டார். அந்த ஊரில் அது நியாயமான கேள்வி.

சர்வர் ஏன் நிற்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் அதிலிருந்துதான் ஆரம்பம். கரண்ட் போனால் யுபிஎஸ் கொஞ்ச நேரம் தாங்கும். பேட்டரி இறங்கியதும் யுஎஸ்பி கேபிள் வழியாக சர்வருக்குத் தகவல் போய், அது ஒழுங்காக ஷட்டவுன் ஆகிவிடும். இது வரைக்கும் சரி. ஷட்டவுன் ஆன பிறகு, யுபிஎஸ் சுத்தமாகக் காலியாவதற்குள் கரண்ட் திரும்ப வந்துவிட்டால்தான் வம்பு. சர்வரைப் பொறுத்தவரை மின்சாரம் நிற்கவே இல்லை. நின்று வந்தால்தானே ‘வந்ததும் எழுந்திரு’ என்ற அமைப்பு வேலை செய்யும்? அது பாட்டுக்குத் தூங்கும். சர்வர் அணைந்ததும் யுபிஎஸ்ஸே தன் அவுட்புட்டை வெட்டிவிட்டு, கரண்ட் வந்ததும் திரும்பக் கொடுக்கும்படி செய்யலாம். பல யுபிஎஸ்கள் அதைச் செய்யும். இந்த யுபிஎஸ் மசியவில்லை.

இதற்கு மருந்து சர்வருக்குள்ளேயே இருக்கிறது. ஹெச்பி சர்வர்களில் அதற்குப் பெயர் ஐலோ. டெல்லில் ஐடிராக், பழைய ஐபிஎம்மில் ஐஎம்எம், மற்றவற்றில் பொதுவாக பிஎம்சி என்பார்கள். மதர்போர்டிலேயே உட்கார்ந்திருக்கும் ஒரு தனிக் குட்டிக் கம்ப்யூட்டர் அது. தனி பிராசசர், தனி மெமரி, பின்பக்கம் தனி நெட்வொர்க் போர்ட். சர்வர் அணைந்திருந்தாலும் பவர் கேபிள் செருகியிருந்தால் போதும், இது விழித்திருக்கும். வீட்டிலிருந்து பிரவுசரில் போய் பவர் பட்டனை அமுக்கலாம், ஃபேன் வேகம் பார்க்கலாம், எந்த மெமரி ஸ்டிக் செத்தது என்று கேட்கலாம். திரையைத் தூரத்திலிருந்து பார்க்கும் வசதியை முழுசாகப் பயன்படுத்தத் தனி லைசென்ஸ் வேண்டும். பவர் பட்டனுக்கு வேண்டாம். எனக்குத் தேவை அந்தப் பட்டன்தான்.

ஐலோ போர்ட்டில் கேபிள் ஏற்கெனவே மாட்டியிருந்தது. ஸ்விட்சில் பச்சை விளக்கும் எரிந்தது. முகவரியைப் பிரவுசரில் போட்டதும் லாகின் பக்கம் வந்தது. பாஸ்வேர்ட்?

அக்கவுண்ட்ஸ் பார்க்கும் அண்ணனைக் கேட்டேன். “அதெல்லாம் பழைய ஐடி தம்பிக்குத்தானுங்க தெரியும்.” பழைய ஐடி தம்பி மூன்று வருஷம் முன்பு வேலையை விட்டுப் போனவர். நம்பர் உபயோகத்தில் இல்லை. அவர் விட்டுப்போன நோட்டுப் புத்தகம் ஒன்று மேஜை டிராயரில் இருந்தது. வைஃபை, சிசிடிவி, பிரிண்டர், கேட் பக்கத்து பயோமெட்ரிக் மெஷின், எல்லாவற்றின் பாஸ்வேர்டும் அழகான கையெழுத்தில் எழுதி வைத்திருக்கிறார். சர்வருக்கு ரூட் (எல்லா அதிகாரமும் உள்ள கணக்கு) பாஸ்வேர்ட் கூட இருக்கிறது, வேலையும் செய்தது. ஐலோவுக்கு மட்டும் ஒரு வரி இல்லை.

முதலில் செய்தது எல்லோரும் செய்வதுதான். இந்த சர்வர்களின் முன்பக்கம் ஒரு பிளாஸ்டிக் நாக்கு இருக்கும். நகத்தால் இழுத்தால் வெளியே வரும். அதில் சீரியல் நம்பர், ஐலோவின் பெயர், பயனர் பெயர் அட்மினிஸ்ட்ரேட்டர், அதற்கு அந்த மெஷினுக்கே உரிய எட்டு எழுத்து பாஸ்வேர்ட் எல்லாம் அச்சடித்திருக்கும். பஞ்சு படிந்த நாக்கைத் துடைத்து, செல்போன் டார்ச்சில் படித்து, பூஜ்யமா ஓவா, ஒன்றா ஐயா என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். இல்லை. மதர்போர்டை மாற்றியிருந்தாலும் நாக்கில் இருப்பது பொருந்தாது, அது பழைய போர்டின் பாஸ்வேர்ட். இதில் போர்டு மாற்றியதாக யாருக்கும் நினைவில்லை.

அப்புறம் ஊகம். கம்பெனி பெயரோடு ஒன்று இரண்டு மூன்று, கம்பெனி பெயரோடு ஆரம்பித்த வருஷம், முதலாளி மகளின் பெயர். ஒவ்வொரு தப்புக்கும் ஐலோ கொஞ்சம் காக்க வைக்கிறது. அந்த இடைவெளியில் அடுத்த ஊகத்தை யோசிக்கலாம் என்பதைத் தவிர அதில் ஒரு லாபமும் இல்லை. ஒரு சனிக்கிழமை காலை முழுக்க இப்படிப் போனது. எல்லாக் கம்பெனியிலும் இப்படித்தான் நேரம் போகிறது. பாஸ்வேர்டை மீட்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, மறந்துபோன ஒருவரின் மண்டைக்குள் நுழையப் பார்க்கிறோம். பழைய பாஸ்வேர்ட் நமக்கு எதற்கு? புதுசாக ஒன்று வைக்கத்தானே உரிமை வேண்டும்?

நடுவில் ஒரு விஷயம் வயிற்றைக் கலக்கியது. ஐலோ, லாகின் இல்லாமலே தன்னைப் பற்றிய சில விவரங்களை ஒரு பக்கத்தில் கொடுக்கும். சீரியல் நம்பர், மாடல், ஃபர்ம்வேர் (ஐலோவுக்குள் ஓடும் மென்பொருள்) பதிப்பு. இதில் ஃபர்ம்வேர் 2.30. ஐலோ4-ல் (ஜென்8 மெஷின்களில் இருக்கும் ஐலோ இதுதான்) 2.53-க்கு முந்தைய பதிப்புகளில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது 2017-ல் வெளியானது. கேட்டால் சிரிப்பு வரும்: உள்ளே அனுப்பும் கோரிக்கையின் ஒரு குறிப்பிட்ட வரியில் ஒரே எழுத்தை 29 முறை எழுதி அனுப்பினால், ஐலோ பாஸ்வேர்ட் கேட்பதையே விட்டுவிடும். புதுக் கணக்கே உருவாக்கிக்கொள்ளலாம். ஆக, நான் காலையிலிருந்து பூட்டை ஆட்டிக்கொண்டிருந்த கதவுக்குப் பக்கத்தில் சுவரே இல்லை. அந்த நெட்வொர்க்கில் சிசிடிவி டப்பா முதல் டெய்லர் மாஸ்டரின் செல்போன் வரைக்கும் இருக்கிறது.

அந்த வழியில் நான் போகவில்லை. யோக்கியன் என்பதற்காக இல்லை; நேரான வழி இருக்கும்போது ஓடிக்கொண்டிருக்கிற சம்பள சர்வரில் எதையும் உடைத்துப் பார்க்கும் தைரியம் எனக்கில்லை. முதலாளியிடம் மட்டும் வாட்ஸ்அப்பில் ஒரு வரி வாங்கிக்கொண்டேன்: மேனேஜ்மென்ட் பாஸ்வேர்டை மாற்ற அனுமதிக்கிறேன் என்று. “இதுக்கெல்லாமுங்களா?” என்று கேட்டுவிட்டு, “செலவு எதாச்சும் ஆகுங்களா?” என்று இன்னொரு வரியும் அனுப்பினார்.

நேரான வழி இதுதான். ஐலோவின் பாஸ்வேர்ட், வெளியே நெட்வொர்க்கிலிருந்து வருபவனைத் தடுக்கத்தான். அதே சர்வரில் ரூட்டாக உட்கார்ந்திருப்பவனை அது கேள்வி கேட்பதில்லை. சர்வரின் ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்கும் ஐலோவுக்கும் நடுவே போர்டிலேயே ஒரு வாசல் இருக்கிறது. லினக்ஸின் மையமான கெர்னலில் அதற்கான டிரைவர் கூடவே வரும். அந்த வாசல் வழியாகப் பேச ஹெச்பி தரும் ஒரு சின்னக் கட்டளை உண்டு, ஹெச்-பி-ஓ-என்-சி-எஃப்-ஜி. நான் ‘ஆன்கான்ஃபிக்’ என்றுதான் படிப்பேன். உபுண்டுவின் சொந்த மென்பொருள் களஞ்சியத்தில் கிடைக்காது. ஹெச்பி தனியாக வைத்திருக்கும் களஞ்சியத்தைச் சேர்த்து நிறுவினேன். ரீபூட் எதுவும் வேண்டாம். சம்பள சர்வர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அந்தக் கட்டளைக்கு ஒரு எக்ஸ்எம்எல் ஃபைல் எழுதிக் கொடுக்க வேண்டும். வெங்காயம் மாதிரி அடுக்கு: வெளியே லாகின், அதற்குள் பயனர் பகுதி, அதற்குள் ‘இந்தப் பயனரை மாற்று’, நடுவில் புதுப் பாஸ்வேர்ட். வேடிக்கை என்னவென்றால், வெளி அடுக்கில் ஒரு பயனர் பெயரும் பாஸ்வேர்டும் எழுதியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் இலக்கணப் பிழை என்று சொல்லிவிடும். ஆனால் சர்வருக்கு உள்ளேயிருந்து ஓட்டும்போது அதைச் சரிபார்ப்பதே இல்லை. என்ன கிறுக்கினாலும் ஏற்றுக்கொள்ளும். கல்யாண வீட்டு வாசலில் மொய் நோட்டில் பெயர் எழுதுகிற மாதிரி. எழுதாமல் விட மாட்டார்கள், நீங்கள் யார் என்று கேட்கவும் மாட்டார்கள்.

முதல் முறை ஓட்டினேன். இலக்கணப் பிழை. நாலு தடவை அடுக்குகளை எண்ணிப் பார்த்தேன், திறந்ததெல்லாம் மூடியிருந்தது. கடைசியில் பார்த்தால் குற்றவாளி நான் வைத்த பாஸ்வேர்ட். கெட்டியாக இருக்கட்டும் என்று நடுவில் ஒரு & போட்டிருந்தேன். எக்ஸ்எம்எல்லில் அந்தக் குறியைத் தனியாக அப்படியே எழுதக் கூடாது, அதற்கு வேறு மாதிரி எழுத வேண்டும். மணி மதியம் ஒன்றரை, பசி வேறு. குறியைத் தூக்கிவிட்டு எழுத்துகளைக் கூட்டிக்கொண்டேன்.

இரண்டாம் முறை. இலக்கணம் சரி, ஆனால் வந்த பதில்: அப்படி ஒரு பயனரே இல்லை.

அட்மினிஸ்ட்ரேட்டர் என்ற கணக்கே இல்லை! காலையிலிருந்து நான் போட்ட பாஸ்வேர்ட் ஒன்றாவது சரியாக இருந்திருந்தாலும் உள்ளே விட்டிருக்காது. எழுத்து பெரிசு சின்னதில் தப்பு விட்டேனோ என்று பார்த்தேன், இல்லை. சரி என்று, மாற்றுவதற்குப் பதிலாகப் பயனர் பட்டியலைக் கேட்கும் இன்னொரு சின்ன ஃபைல் எழுதி ஓட்டினேன். ஐலோ4-ல் மொத்தம் 12 கணக்குகள் வைக்கலாம். 11 காலி. ஒன்றே ஒன்று, ஊர் பெயரும் இரண்டு எண்ணும் சேர்ந்த ஒரு பெயர். எங்கேயும் எழுதப்படாத பெயர்.

அந்தப் பழைய ஐடி தம்பி மேல் இருந்த கோபம் அங்கேதான் இறங்கியது. எல்லோருக்கும் தெரிந்த அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கை எடுத்துவிட்டு, ஊகிக்க முடியாத பெயரில் ஒன்று வைத்திருக்கிறார். ஐலோவுக்கு நிலையான முகவரி கொடுத்திருக்கிறார். பாதுகாப்பு பற்றி எழுதுகிறவர்கள் சொல்வதை எல்லாம் வரி விடாமல் செய்த மனுஷன். எல்லோரும் பார்க்கக்கூடிய நோட்டில் இதை மட்டும் எழுதக் கூடாது என்று நினைத்ததும் சரிதான். வேறு எங்கே எழுதுவது என்று யோசிப்பதற்குள் வேலையை விட்டுவிட்டார் போல.

இருக்கிற கணக்கைத் தொடவில்லை. புதுசாக ஒரு கணக்கைச் சேர்த்தேன். அதற்கு ஐந்து உரிமைகளையும் தனித்தனியாக ‘ஆம்’ என்று எழுத வேண்டும்: பயனர் நிர்வாகம், தொலைத்திரை, சர்வரை ரீசெட் செய்வது, மெய்நிகர் சிடி, ஐலோ அமைப்புகளை மாற்றுவது. முதலாவதை விட்டுவிட்டால் உள்ளே போக முடியும், அடுத்தவர் கணக்கைத் தொட முடியாது. ஓட்டினேன். பிழை எதுவும் இல்லை என்று ஒரு வரி. பிரவுசரில் புதுப் பெயர், புதுப் பாஸ்வேர்ட். உள்ளே.

முதலில் திறந்து பார்த்தது நிகழ்வுப் பதிவை. மேலே வரிசையாக என்னுடைய அன்றைய தோல்விகள், நேரத்தோடு, நான் உட்கார்ந்திருந்த லேப்டாப்பின் முகவரியோடு. முதலாளி மகளின் பெயரைப் போட்ட நேரம் கூட எனக்குத் தெரிந்தது. அவற்றுக்குக் கீழே, மூன்று வருஷத்துக்கு முன்பு ஒரு வெள்ளிக்கிழமை மாலை, பழைய கணக்கின் கடைசி லாகின். பவர் அமைப்புப் பக்கத்தில் தானாக எழுந்திருக்கும் வசதி ‘எப்போதும் வேண்டாம்’ என்று கிடந்தது. ‘கடைசியாக இருந்த நிலைக்குப் போ’ என்பது கேட்க நன்றாக இருக்கும், ஆனால் ஒழுங்காக ஷட்டவுன் ஆன சர்வரின் கடைசி நிலை அணைந்த நிலைதானே. அதனால் ‘எப்போதும் எழுந்திரு’ என்று மாற்றினேன். யுபிஎஸ் முழுசாகக் காலியாகிற இரவுகளுக்கு அது போதும். பாதியில் கரண்ட் வருகிற இரவுகளுக்கு நான் பட்டனை அமுக்க வேண்டும்.

மேல் சர்வர் முடிந்தது. கீழ் சர்வர் வேறு கதை. அதில் ஓடுவதற்கு டிஸ்க்கே இல்லை, அதனால் ரூட்டும் இல்லை, ஆன்கான்ஃபிக்கும் இல்லை. லைவ் லினக்ஸ் ஒன்றை யுஎஸ்பியில் போட்டு பூட் செய்தும் அதே வேலையைச் செய்யலாம். ஆனால் சும்மா கிடக்கிற மெஷின், எப்போது வேண்டுமானாலும் ரீபூட் செய்யலாம் என்றால் ஜென்8-ல் அதைவிடச் சுலபமான வழி உண்டு. மானிட்டரும் கீபோர்டும் மாட்டி, பூட் ஆகும்போது ஐலோ வரி வரும் நேரத்தில் எஃப்8 அமுக்கினால் ஐலோவின் நீலத்திரை மெனு வரும். வழக்கமாக அங்கே பாஸ்வேர்ட் கேட்காது.

இங்கே ஒரு எச்சரிக்கை. இந்த மெஷின்களில் டிஸ்குகளைக் கையாளும் ரெய்டு கார்டும் எஃப்8-ஐத்தான் கேட்கும். ஜென்8 பூட் ஆக நிமிஷக்கணக்கில் ஆகும். வெறுத்துப்போய் எஃப்8-ஐ அமுக்கிக்கொண்டே இருந்தால் எந்த மெனுவுக்குள் விழுவோம் என்று சொல்ல முடியாது. நான் விழுந்தது டிஸ்க் வரிசை மெனுவில். அதில் இரண்டாவது மூன்றாவது வரியிலேயே ‘லாஜிக்கல் டிரைவை அழி’ இருக்கிறது. இது டிஸ்க் செத்த மெஷின், பரவாயில்லை. மேல் சர்வரில் இதே கை இதே அவசரத்தில் இருந்திருந்தால்? எஸ்கேப் அமுக்கி, ரீபூட் செய்து, இந்த முறை திரையைப் படித்து அமுக்கினேன். ஐலோ மெனு வந்தது. பெயரும் பாஸ்வேர்டும் கேட்டது.

கேட்காது என்று சொன்னேன் அல்லவா? கேட்க வைக்கும் ஒரு அமைப்பு இருக்கிறது, வழக்கமாக யாரும் போடுவதில்லை. நம் ஆள் போட்டிருக்கிறார். சிரித்துவிட்டேன்.

மிச்சம் இருப்பது மூடியைக் கழற்றுவது. கம்பெனிக்காரர்களே வைத்த வழி அது. இந்த மெஷின்களின் மதர்போர்டில் சின்னச் சின்ன சுவிட்சுகள் வரிசையாக ஒரு கட்டையில் இருக்கும். அதில் எஸ்1-ஐ ஆன் பக்கம் தள்ளினால் ஐலோ பாதுகாப்புச் சோதனைகள் அத்தனையும் அணைந்துவிடும். மூடியைத் திறந்து கையை விடும் அளவுக்கு மெஷின் பக்கத்தில் நிற்பவன் சொந்தக்காரன்தான் என்பது கணக்கு. சர்வர் அறைக்கு ஒரு பூட்டு போடுங்கள் என்று நான் வருஷக்கணக்காகச் சொல்வதும் அதே கணக்கில்தான்.

முதலில் ஐலோ போர்ட்டிலிருந்து நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினேன். எஸ்1 ஆனில் இருக்கும்போது ஐலோ யாரையும் தடுக்காது, நெட்வொர்க்கில் இருக்கும் எவரும் உள்ளே வந்துவிடலாம். பிறகு இரண்டு பவர் கேபிளும். பின்பக்க விளக்குகள் எல்லாம் சாகும் வரை காத்திருந்து, ரேக்கின் தண்டவாளத்தில் சர்வரை வெளியே இழுத்தேன். மூடியின் தாழ்ப்பாளில் நட்சத்திரத் தலை பூட்டு ஒன்று இருக்கிறது. டி15 பிட். கடைக்கு ஓட வேண்டாம். அதற்கான சின்னக் கருவி சர்வரின் பின்பக்கத்திலேயே செருகியிருக்கும், கவனிக்காதவர்கள் நிறைய.

மூடியைத் தூக்கினேன். ஃபேன் வரிசையின் முன்னால் கம்பளித் துணி விரித்த மாதிரி பஞ்சு. வெள்ளை, சிவப்பு, நீலம். எந்தெந்த ஆர்டர் எப்போது வெட்டினார்கள் என்று அடுக்கடுக்காகப் படிக்கலாம் போல. விரலால் ஒரு ஓரத்தைப் பிடித்து இழுத்தால் முழு விரிப்பும் ஒரே துண்டாக வந்தது. அக்கவுண்ட்ஸ் அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, “இதுல ஒரு தலகாணி தெக்கலாமுங்க” என்றார்.

மூடியின் உள்பக்கத்திலேயே போர்டின் படமும் சுவிட்சு அட்டவணையும் ஒட்டியிருக்கும். அதைப் படித்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். எஸ்1 நமக்கு வேண்டியது. எஸ்5, பூட் ஆகும்போது கேட்கிற பவர்-ஆன் பாஸ்வேர்டுக்கு. எஸ்6-ஐத் தள்ளினால் சர்வரின் பயாஸ் அமைப்புகள் செல்லாது என்று எடுத்துக்கொண்டு அழித்துவிடும். தலைகீழாக நின்று, கண்ணாடி போடாமல், எந்தப் பக்கத்திலிருந்து எண்ணுகிறோம் என்று பார்க்காமல் தள்ளுகிறவர்களுக்கு அதுதான் கிடைக்கும். எண் கட்டையிலேயே அச்சடித்திருக்கிறது. செல்போனில் பெரிதாகப் போட்டோ எடுத்து, எண்ணைப் படித்து, இன்னொரு முறை படித்தேன்.

சுவிட்சு நகத்தைவிடச் சின்னது. பென்சில் முனையால் தள்ளுவார்கள், வேண்டாம், கரி உதிர்ந்து போர்டில் விழும். ஸ்குரூடிரைவர் வழுக்கும். ரேக்குக்கு மேலே சுவரில் பிள்ளையார் படமும் ஊதுபத்திக் கட்டும் இருந்தது. எரிந்து முடிந்த ஊதுபத்தியின் மூங்கில் குச்சி, சரியான தடிமன். க்ளிக் என்று ஒரு சத்தம், கேட்பதைவிட விரலில்தான் தெரியும்.

மூடியை மூடி, பவர் கொடுத்து, பூட். ஐலோ பாதுகாப்பு விலக்கப்பட்டிருக்கிறது என்று திரையில் எச்சரிக்கை வந்தது. அது வந்தால் சரியான சுவிட்சைத் தள்ளியிருக்கிறோம் என்று அர்த்தம். எஃப்8. இந்த முறை ஒன்றும் கேட்காமல் மெனு. பயனர் பகுதியில் போய்ப் புதுக் கணக்கு சேர்த்திருக்கலாம். ஆனால் இதில் காப்பாற்ற எதுவுமில்லை என்பதால் ‘ஆரம்ப நிலைக்குப் போ’ என்பதையே கொடுத்தேன். பழைய முகவரி, பழைய கணக்கு, பாஸ்வேர்ட் கேட்கும் அமைப்பு எல்லாம் போய், ஐலோ தானே ஒரு முறை எழுந்து வந்தது. திரும்ப அணைத்து, கேபிள்களைப் பிடுங்கி, எஸ்1-ஐப் பழைய பக்கத்துக்குத் தள்ளினேன். இதை மறந்தால் அத்தனை பாடும் வீண். பூட்டை உடைத்து உள்ளே போனவன் கதவைத் திறந்துபோட்டுவிட்டு வந்த மாதிரி ஆகிவிடும்.

கீழ் சர்வரின் பிளாஸ்டிக் நாக்கை இழுத்து, அட்மினிஸ்ட்ரேட்டர், எட்டு எழுத்து. முதல் முறையிலேயே உள்ளே விட்டது. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

வேறு மெஷின் வைத்திருப்பவர்களுக்கு வேகமாக ஒன்றிரண்டு. டெல்லில் பழைய ஐடிராக் என்றால் பெயர் ரூட், பாஸ்வேர்ட் கால்வின், மாற்றாமலே விட்டவர்கள் ஏராளம். மாற்றி மறந்திருந்தால் பூட்டில் எஃப்2 வழியாகப் போய் ஐடிராக் அமைப்பில் பயனர் பாஸ்வேர்டை மாற்றலாம். பழைய ஐபிஎம் மெஷின்களில் பாஸ்வேர்ட் என்பதே பாஸ்வேர்ட், ஆனால் ஓ இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்யம். சூப்பர்மைக்ரோவில் பெயரும் அட்மின், பாஸ்வேர்டும் அட்மின் என்று இருந்தது. எல்லாக் கருவிக்கும் ஒரே பாஸ்வேர்ட் கூடாது என்ற கலிஃபோர்னியாச் சட்டம் 2020 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த பிறகு, ஒவ்வொரு போர்டுக்கும் தனிப் பாஸ்வேர்ட் ஸ்டிக்கரில் வருகிறது. லினக்ஸ் ஓடினால் இவற்றில் பெரும்பாலானதற்கு ஐபிஎம்ஐ-டூல் என்ற கட்டளை போதும். ஐபிஎம்ஐ என்பது பல கம்பெனி சர்வர்களின் பிஎம்சியோடும் பேசும் பொது நெறிமுறை. அதுவும் உள்ளிருந்து போகும் அதே மாதிரி வாசல்தான். ஐபிஎம்ஐயில் பாஸ்வேர்ட் 20 எழுத்துக்கு மேல் போகாது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பெரிசாக வைத்துவிட்டு ஏன் வேலை செய்யவில்லை என்று நானே ஒரு முறை மண்டையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மற்ற வேலைகள். இரண்டு ஐலோவுக்கும் கிடைத்த கடைசி ஃபர்ம்வேரை ஏற்றினேன். இதற்கு சர்வரை நிறுத்த வேண்டாம், ஐலோ மட்டும் எழுந்து வரும். நெட்வொர்க் வழி ஐபிஎம்ஐயை அணைத்தேன். அந்த நெறிமுறையின் வடிவமைப்பிலேயே கோளாறு: லாகின் முடிவதற்கு முன்பே பாஸ்வேர்டிலிருந்து கணக்குப் போட்டுப் பிறந்த ஒரு ஹாஷை (பாஸ்வேர்டின் கைரேகை மாதிரி) கேட்டவருக்குக் கொடுத்துவிடும், அதை வீட்டுக்கு எடுத்துப்போய் நிதானமாக உடைக்கலாம். பாதுகாப்பு ஆய்வாளர் டான் ஃபார்மர் இதை 2013-லேயே விரித்து எழுதிவிட்டார். ஃபர்ம்வேர் மாற்றினாலும் போகாது, அணைப்பதுதான் வழி. இரண்டு ஐலோ கேபிளையும் சிசிடிவியோடு கலக்காமல் தனி விலானில், அதாவது அதே ஸ்விட்சில் தனியாகப் பிரித்த நெட்வொர்க்கில், போட்டேன். வீட்டிலிருந்து வர ரவுட்டரில் விபிஎன், இணையத்துக்குள் பூட்டிய தனிப் பாதை. ஐலோவை நேராக இணையத்தில் திறந்துவிடும் யோசனையே வேண்டாம். 2018-ல் அப்படித் திறந்து கிடந்த ஐலோ4 மெஷின்களில் புகுந்து, லாகின் பக்கத்திலேயே பணம் கேட்டு அறிவிப்பு மாட்டிய கூட்டம் ஒன்று இருந்தது.

மேல் சர்வரின் பழைய கணக்கை அழித்தேன். அழிப்பதற்கு முன் பெயரை ஒரு முறை படித்தேன்.

பாஸ்வேர்டுகளை எழுதிய தாள் ஒரு கவரில், ஒட்டி, ஒட்டின இடத்தில் முதலாளி கையெழுத்துப் போட்டு, செக் புத்தகம் இருக்கும் இரும்பு பீரோவில் வைத்தோம். சர்வர் அறைக்குப் பூட்டும் வந்தது, 180 ரூபாய். “செலவு ஆகாதுன்னீங்களே?” என்று கேட்டார்.

இரண்டு வாரம் கழித்து, இரவு 2 மணி இருக்கும். போன்.

“தம்பி, பொட்டி மறுக்கா நின்னுபோச்சுங்க.”

“கரண்ட் வந்துருச்சுங்களா தாத்தா?”

“அது அப்பவே வந்துருச்சுங்க.”

படுத்தபடியே லேப்டாப்பைத் திறந்தேன். விபிஎன், ஐலோ, லாகின். பவர்: அணைந்துள்ளது. பட்டன்.

“தாத்தா, போனை வெக்காதீங்க. அந்தக் கண்ணாடிக் கதவுகிட்ட போங்க.”

கொஞ்ச நேரம் செருப்புச் சத்தம். அப்புறம் ஜென்8 ஃபேன்கள் முழு வேகத்தில் கிளம்பும் அந்த ஊளை, போனுக்குள்ளேயே கேட்டது.

“அட, தானா எந்திரிச்சிருச்சுங்க தம்பி! அப்ப நீங்க வரலீங்களா? டீக்கு அடுப்பு வெச்சுட்டனுங்களே.”